அவனுக்குக் காது நல்லா கேக்குது, அத்தே

என்னைத் திட்டித் திட்டியே இந்த வீட்டுக்குப் பழக்கின என் அத்தைக்கு,

உங்க காரியம் முடிஞ்சு தை மாசமும் போயிடுச்சு. யுத்தம் மட்டும் இன்னும் முடியல. உங்களோட எனக்கு ஒரு சண்டை பாக்கி இருக்கு. நேர்ல போட வழியில்ல, அதனால எழுதறேன். மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவள்னு குத்திக் காட்டுவீங்களே, அந்தப் படிப்பு இதுக்காவது ஆகட்டும். இதை நான் ஒளிச்சு வைக்கப் போறதில்ல. எழுத்து தெரிஞ்சவங்க தெருவுல உரக்கவே படிக்கட்டும். ஊர் பேசுறதை நானே சொல்லிட்டா அவங்களுக்கும் வாய் வலி மிச்சம்.

முதல்ல உங்களுக்கு வேண்டிய சேதி. உங்க சின்ன மகன் வரதன் கொல்லைப் பக்கம் உட்கார்ந்து கயிறு முறுக்கிட்டிருக்கான். சாப்பிட்டான், கொஞ்சம்தான்.

ஜுரத்துல அவனுக்குக் காது போயிடுச்சுன்னு ஊருக்கெல்லாம் சொல்லி வெச்சீங்களே, ஏன் அத்தே? அவனுக்கு வந்தது அதுவா? நமக்குக் கேக்காத பேச்செல்லாம் அவனுக்குக் கேக்க ஆரம்பிச்சது. ஏர் ஓட்டுறவன் நடுவயல்ல நின்னு யாருக்கோ பதில் சொல்லுவான், நாம கூப்பிட்டா திரும்ப மாட்டான். செவிடுன்னா ஐயோ பாவம்னுவாங்க, பைத்தியம்னா கல்லெடுப்பாங்கன்னு நீங்க முந்திக்கிட்டீங்க. புரியுது. எனக்கும் அப்படியே சொல்லணும்னு உத்தரவு போட்டீங்க, நானும் சொன்னேன்.

வீட்டுக்குள்ள நீங்க வேற ஆளு. சோத்துல கை வெச்சவன் அப்படியே விறைச்சுப் போய் உட்காருவான். நீங்க பக்கத்துல குந்தி, "இன்னா சொல்றாங்கடா?"ன்னு கேப்பீங்க. "சோத்துல விஷம்னு சொல்றாங்கம்மா." நீங்க அதுலயே ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கிட்டு, "நான் துன்னுட்டேன் பாரு. அவங்க சொல்லிகினு இருக்கட்டும், நீ துன்னு." இல்லாத ஆளுங்களுக்கு மரியாதை வேறயான்னு நான் அடுப்படியில பாத்திரத்தை உருட்டுவேன். "மெதுவா பேசுடி, உன் தொண்டைக்கு பட்டாபிராம் ஸ்டேஷன்ல ரயிலே நின்னுடும்"னுவீங்க.

ஆனா அவன் கிட்ட வேற யாரையாவது அண்ட விட்டீங்களா? ஒரு வாய் கஞ்சி கொடுக்க என்னை விட்டீங்களா? கேட்டா, "அவனுக்கு நான் கீறேன்" அவ்வளவுதான். சரி, இப்போ நீங்க இல்ல. இன்னா பண்றது சொல்லுங்க?

இருங்க, கொல்லையில ஏதோ சத்தம்.

ஒண்ணுமில்ல, வாளி உருண்டுச்சு. எனக்கு இப்பல்லாம் இப்படித்தான் ஆயிடுச்சு. அடுப்புல உலை வெச்சாலும் காது அவன் பக்கமே இருக்கு.

நீங்க போனதும் அவன் சரியா சாப்பிடல, தூங்கல. நம்ம வயலைத்தான் பட்டாளத்து டிப்போவுக்குன்னு எடுத்துக்கிட்டு முள்ளுக்கம்பி கட்டிட்டாங்களே, அங்க துப்பாக்கியோட பாராக்காரன் நிக்கறான். இவனுக்கு மனசு தவிச்சா காலு தானா அங்கதான் போகுது.

போன வாரம் உங்க அண்ணன், பாரிவாக்கத்து மாமா வந்தாரு. அவரும் உங்க பெரிய மகனும் கூடத்துல பேசிக்கிட்டிருந்தாங்க. பக்கத்துலயே வரதன் முறத்தை வெச்சுக்கிட்டு வேர்க்கடலை உரிச்சுக்கிட்டிருந்தான். மாமா சொல்றாரு: "காது போன கையோட புத்தியும் பூடுச்சு இவனுக்கு. பேய் ஓட்டுற எடம் ஒண்ணு கீது. கால்ல சங்கிலி போட்டு வெச்சிடுவான், எத்தினி நாளானாலும் சரி. வர்ற வெள்ளிக்கெழம வண்டி கட்டிகினு வர்றேன்." என்னைக் கட்டினவரு தலையை ஆட்டறாரு, தம்பி எதிரிலேயே! செவிடன் செவிடன்னு சொல்லிச் சொல்லி, கூடப் பொறந்தவருக்கே அது நிஜமாயிடுச்சு அத்தே. அடுப்படியிலிருந்து நான் வரதுக்குள்ள முறத்துல கடலை அப்படியே கிடக்கு, ஆளைக் காணோம்.

எங்க போயிருப்பான்னு யோசிக்கவே வேணாம். ஓடினேன். கம்பிக்கு நடுவுல தலையை நுழைச்சுக்கிட்டு நிக்கறான், கையெல்லாம் ரத்தம். பாராக்காரன் துப்பாக்கியைத் தூக்கிக்கிட்டு அவன் பாஷையில கத்தறான். டிப்போவுல மூட்டை தூக்குற நம்ம தெரு ஆளுங்க, "சுட்டுடாத சாமி, அவன் செவிடு!"ன்னு அவங்க ஒரு பக்கம் கத்தறாங்க. செவிடனுக்குக் கேக்கணுமேன்னு "வரதா! வரதா!"ன்னு தொண்டை கிழிய வேற கூப்பிடறாங்க. கத்தக் கத்த அவன் உள்ளே உள்ளேதான் போறான்.

நானும் வாயைத் திறந்துட்டேன். "மெதுவா பேசுடி"ன்னு நீங்க ஏசினது அப்பதான் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கிட்டேன். பாராக்காரனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன், மத்தவங்களைக் கையாலயே அடக்கினேன். மெல்லப் பக்கத்துல போனேன்.

"தம்பி, நான்தான், அண்ணி. இன்னா சொல்றாங்க?"

"சங்கிலி எடுத்துகினு வர்றாங்களாம் அண்ணி."

இதை இல்லன்னு எப்படிச் சொல்றது? "அது நெஜமாவே மாமா சொன்னது தம்பி, நானும் கேட்டேன். மத்ததெல்லாம் எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குது. சங்கிலி நம்ம ஊட்டுக்குள்ள வராது. வா, கையைக் கழுவலாம்."

மெல்லத் தலையை வெளியே எடுத்தான். பாராக்காரனும் துப்பாக்கியை இறக்கிட்டான்.

அதுக்கப்புறம்தான், மன்னிச்சுக்குங்க, அவனைத் தள்ளி உட்கார வெச்சுட்டு என் தொண்டையைத் திறந்தேன். "அவனுக்குக் காது நல்லா கேக்குது! நமக்குக் கேக்காததும் கேக்குது, அது ஒரு வியாதி! இத்தினி நாளா அவன் எதிர்ல நீங்க பேசினதெல்லாம் அவன் கேட்டான்!" ஒருத்தரும் என் முகத்தைப் பாக்கல. "இனிமே இந்தப் பக்கம் வந்தா கத்தாதீங்க. கையைப் புடிச்சு ஊட்டுல கொண்டாந்து வுடுங்க"ன்னேன். நீங்க மூடி மூடி வெச்சதை அந்த முள்ளுக்கம்பிக்கிட்டயே போட்டு உடைச்சுட்டேன். கோவமா? இருக்கட்டும்.

மறுநாளே பூந்தமல்லியில ஒரு டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனேன். அதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு சொன்னாங்க, எனக்கு வாயில நுழையல. மனசோட வியாதியாம், பேயும் இல்ல பிசாசும் இல்ல. அந்தக் குரல் அவனுக்கு நிஜமாவே கேக்குதாம், நடிக்கறதில்ல. வேரோட எடுக்க இன்னிக்கு மருந்து கிடையாதாம். தூக்கம், வேளைக்குச் சோறு, கைக்கு ஒரு வேலை, விரட்டாத மனுஷங்க, இதெல்லாம் இருந்தா தாங்கிக்கலாம்னாங்க. நல்ல நாளும் வரும், கெட்ட நாளும் வரும்னாங்க. அப்புறம், நான் கேக்காமயே, "பெத்தவ வளர்த்த விதத்தால இது வரலம்மா"ன்னாங்க.

அங்கேயே உட்கார்ந்து அழுதுட்டேன். உங்களுக்குத்தான் அத்தே அழுதேன். எந்தப் பாவமோ, யார் விட்ட சாபமோன்னு நீங்க சாமி படத்துக்கு முன்னால முணுமுணுத்தது எனக்குத் தெரியாதா? இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுட்டுப் போயிருக்கக் கூடாதா நீங்க?

நாளைக்கு வெள்ளிக்கிழமை. மாமா வண்டியோட வருவாரு. உங்க பெரிய மகன் வேணாம்னும் சொல்லல, சரின்னும் சொல்லல. நேத்து சாயங்காலம் தம்பிக்கு எதிர்ல உட்கார்ந்து கயித்தோட இன்னொரு முனையைப் பிடிச்சுக்கிட்டாரு. இருட்டுற வரைக்கும் எழுந்து போகல. முந்தாநேத்து வரதன் மறுபடியும் வேலிப்பக்கம் போயிட்டான். டிப்போவுல மூட்டை தூக்குற கன்னியப்பன்தான் கையைப் பிடிச்சுக் கொண்டாந்து விட்டாரு. கத்தவே இல்லயாம். இருந்தாலும் நாளைக்கு என்ன ஆகுமோன்னு எனக்கு ஒரு இடத்துல உட்கார முடியல. எழுதறேன், எழுந்து போய்ப் பாக்கறேன், மறுபடி எழுதறேன்.

இப்போ போனப்போ அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன். அந்தக் குரலுங்கள்ல அம்மா குரலும் இருக்குதான்னு. கயித்தை நிறுத்திட்டு நல்லா யோசிச்சான்.

"இல்ல அண்ணி. அவங்கெல்லாம் கத்துறவங்க. அம்மா கத்தாது."

வண்டி காலியாத்தான் திரும்பும், அத்தே. மாமா கால்ல விழணும்னாலும் விழறேன், மல்லுக்கு நிக்கணும்னாலும் நிக்கறேன். அதுவும் வாசலுக்கு வெளியே தள்ளி நின்னுதான். வீட்டுக்குள்ள என் தொண்டை இனிமே உசராது.

இப்படிக்கு,
இப்ப மெதுவாப் பேசக் கத்துக்கற உங்க மூத்த மருமக,
தனகோட்டி