பாட்டியின் கையில் யார் பெயர்?

இன்று மலை மந்திர் முருகன் கோயில் படியில் ஓர் அம்மா தன் மகளின் கையைப் பிடித்து முந்தானையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிச் சீருடையில் இருந்த அந்தப் பெண் மணிக்கட்டுக்கு மேலே பேனாவால் ஓர் எழுத்தை வரைந்திருந்தாள். "யாருடி அந்தப் பய? சொல்லு, ஜல்தி சொல்லு!" என்று ஒரே அதட்டல். எனக்குச் சாமி கும்பிட ஓடவில்லை. உன் ஞாபகம்தான். பாதிப் படியிலேயே திரும்பி வந்து இதை எழுதுகிறேன்.

நீ கண்ணை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு மேல்மாடியில், தஞ்சாவூர்க் குடும்பத்தின் ரஷ்ய மருமகளாக இருந்தாய். ஒரே அலுவலகத்தில் நாம் இருவரும் ரஷ்ய மொழிபெயர்ப்பாளர்கள். உன் தமிழோ மாமியார் சொல்லிக் கொடுத்தது. பஸ்ஸில், "என்னடி கூட்டம் இது, பிராணனை வாங்கறது" என்று நீ அலுத்துக்கொள்ளும்போது நம் ஊர்க்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்ப்பார்கள்.

உன்னை அரித்துக்கொண்டிருந்தது ஜார் காலத்தில் உன் பாட்டி படித்த பெண்கள் பள்ளி. சேர்த்துவிட்டால் வருடக்கணக்கில் வீட்டுக்கே அனுப்பமாட்டார்களாம். பெற்றவர்கள் வந்தாலும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போக வேண்டியதுதான். அங்கே படித்து வெளியே வந்த பாட்டியின் முன்கையில் ஒரு தழும்பு இருந்தது. 'வ' ஓசையுள்ள ரஷ்ய எழுத்து. தாத்தாவின் பெயரோ நிக்கலாய். யாரென்று கேட்டால் பாட்டி சட்டைக் கையை இழுத்துவிட்டுக் கொள்வாளே தவிர, வாயைத் திறக்கமாட்டாள். அந்த ஆத்திரத்தில் தாத்தா ஒருநாள் உன் அம்மாவையே பார்த்து, "நீ யார் பெற்றதோ!" என்று சொல்லிவிட்டார். லெனின்கிராடில் படுத்த படுக்கையாகக் கிடந்த உன் அம்மாவுக்கு, சாவதற்குள் அந்த 'வ' யாரென்று தெரிய வேண்டும்.

நீ விடுவாயா? என்னையும் இழுத்துக்கொண்டு நூலகம் நூலகமாக அலைந்தாய். பாதிரியார், நடன வாத்தியார் என்று அந்தப் பள்ளிக்குள் நுழைந்த ஆண்கள் அத்தனை பேர் மேலும் சந்தேகம். ஒருவரைப் பிடிப்பாய், அவர் பாட்டி சேர்வதற்கு முன்பே செத்திருப்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளிர்கால வெயிலில் புல்தரையில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தோம். "டாக்டர் விளாதிமிர்னு ஒருத்தர் இருந்திருக்கார்டி. அவராத்தான் இருக்கணும். பாவம் பாட்டி, ஊசியால கீறிண்டாளாம். அம்மா எழுதியிருக்கா" என்றாய்.

ஊசி என்றதும் எனக்குப் பொறி தட்டியது. "எதுக்கு ஆம்பள பேரையே தேடுத? உள்ள அடைஞ்சு கெடந்தது பூராவும் பொம்பளப் பிள்ளைகதான?" என்று ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக் காட்டினேன். நீலமாக ஒரு 'ச'. பாளையங்கோட்டை விடுதியில் மூத்த வகுப்பு சரோஜா அக்கா மேல் எங்களுக்கெல்லாம் பைத்தியம். காம்பஸ் முனையை மையில் தோய்த்துக் குத்திக்கொண்டோம். "எங்க வீட்ல அவுக சண்முகன் பேருன்னு நெனச்சுக் கன்னத்துல போட்டுக்கிடுதாக."

"அடிப்பாவி! இத்தனை நாளா ஏண்டி வாயை மூடிண்டு இருந்தே?"

"ஊசின்னு நீ இன்னைக்குத்தான சொன்ன!"

ஆனால் என் கையை மட்டும் வைத்து நீ ஒப்புக்கொள்ளவில்லை. மறுபடி அலைந்தாய். கடைசியில், அதுபோன்ற பள்ளியில் படித்த ஒருத்தியின் நினைவுக் குறிப்பு அகப்பட்டது. சின்னப் பிள்ளைகள் ஆளுக்கொரு மூத்த மாணவியைத் தெய்வமாகக் கொண்டாடுவார்களாம். அவள் பெயரின் முதலெழுத்தைக் கையில் கீறிக்கொள்வார்களாம். வெளியே தெரிந்தால் தண்டனையாம். அன்றே டிரங்க் கால் போட்டாய். தெருவுக்கே கேட்கும்படி ரஷ்ய மொழியில் கத்தினாய். பிறகு போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாய்.

"என்ன சொல்லுதாக?"

"அழறா. அப்பா இருக்கறச்சே இது தெரிஞ்சிருக்கப்படாதான்னு அழறா."

அதோடு உன் அலைச்சல் ஓயும் என்று நினைத்தேன். மறுநாளே வந்து நின்றாய். "சரி, அந்தப் பொண்ணு யாருடி?" ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் அதையே கேட்டாய்.

இப்போது அந்தப் பாடு எனக்கு. எனக்கென்ன தலையெழுத்து என்று வீட்டில் கேட்கிறார்கள். உன் பாட்டி ஒருத்தியின் மேல் உயிரையே வைத்திருந்தாள். எல்லோருமாகச் சேர்ந்து அதை எவனோ ஓர் ஆண்பிள்ளைக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. சமைக்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் பெயர்களைச் சொல்லிப் பார்க்கிறேன். வேரா. வர்வாரா. வலென்தீனா. எந்தப் பெயருக்கும் உன் பாட்டி திரும்பிப் பார்க்கமாட்டேன் என்கிறாள்.