கையளிப்புப் பத்திரத்தில் நான் ஏன் ஒப்பமிடவில்லை

தண்ணீரூற்று,
முள்ளியவளை.
21.01.2026

பெருமதிப்பிற்கும் நீங்காத அன்பிற்கும் உரிய தோழி ஜெமீலா அவர்கட்கு,

தங்கள் தோழி விமலேஸ்வரி வணக்கத்துடன் வரைந்து கொள்வது. தங்களுக்கும் பிள்ளைகளுக்கும் இறைவன் நல்ல சுகத்தை அருள வேண்டுகிறேன். வீட்டைப் பார்வையிட்ட அன்று மாலையே விபரம் எழுதுவதாக வாக்களித்திருந்தேன். சனிக்கிழமை பார்வையிட்டோம், இன்று புதன்கிழமை. இத்தாமதத்திற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். நான்கு நாட்களாகத் தாளை எடுப்பதும் மடித்து வைப்பதுமாக இருந்தேன். தங்கள் மகன் நிஸார் வவுனியாவில் தன் அலுவல்களை முடித்துக்கொண்டு இங்கு வந்து, நாளை புத்தளம் திரும்புவதால் அவர் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் எழுதும்வரை தொலைபேசியில் எதுவும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டிருந்தேன். அவர் மௌனமாக இருந்திருந்தால் அது என் வேண்டுகோளே. அவரைக் கடிந்துகொள்ள வேண்டாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையளிப்புப் பத்திரத்தில் தங்கள் சார்பில் நான் ஒப்பமிடவில்லை. வீட்டுப் பூட்டின் திறப்பையும் பெற்றுக்கொள்ளவில்லை. பிழை ஒப்பந்தகாரருடையது அன்று. பிழை என்னுடையது.

ஆயினும் நல்லவற்றையும் நான் அறிவிக்க வேண்டும். முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் தங்கள் காணியில் ஒரு வீடு நிற்கிறது. தூண்கள் நேராக நிற்கின்றன. குளியலறைத் தரையில் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு சொட்டும் தேங்காமல் வடிகாலுக்கு ஓடியது. தரை ஓடுகள் ஒவ்வொன்றையும் நாணயத்தால் தட்டிப் பார்த்தேன். விறாந்தையில் மூன்று ஓடுகள் வெறும் பானை போல ஒலித்தன. அவற்றைக் கழற்றி மீண்டும் பதிக்குமாறு சொன்னேன். ஒப்பந்தகாரர் சிவகரன் தலையில் கை வைத்துக்கொண்டு, "அக்கா, அரசாங்கத்து இஞ்சினியரும் என்னை இப்பிடிச் சோதிச்சதில்லை" என்றார். எனக்கு அது பாராட்டாகவே பட்டது. எட்டாம் வகுப்புடன் பள்ளியை விட்டவள் நான். தங்கள் வாப்பா அப்துல் மஜீத் முதலாளியின் கடையில் சீனி சுற்றித் தந்த பத்திரிகைத் தாள்களை ஒன்று விடாமல் வாசித்து வளர்ந்தவள் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்த வாசிப்பே எனக்குப் பெருமை. அதுவே என்னைக் கெடுத்தது என்று இப்போது எழுத வேண்டியிருக்கிறது.

தொழுகை அறையைப் பற்றி முன்பும் எழுதியிருந்தேன். அதன் மேற்குச் சுவரில் அலுமாரி வைப்பதற்கு மேசன் இடம் விட்டிருந்தார். நான் அதை மூடச் செய்தேன். அந்தச் சுவர் வெறுமையாக, வெண்மையாக இருக்க வேண்டும் என்று வாதாடினேன். தங்கள் உம்மா மேற்கு நோக்கிப் பாய் விரித்துத் தொழுததைப் பத்து வயதிலிருந்தே வாசலில் நின்று பார்த்தவள் நான். சனிக்கிழமை நிஸார் அந்த அறைக்குள் நுழைந்து சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "உம்மா இதைப் பாத்தாவெண்டா அழுதிடுவா, அன்ரி" என்றார். அப்போது எனக்குண்டான பெருமிதத்தை எவ்வாறு எழுதுவது? அது கால் மணித்தியாலம் கூட நிலைக்கவில்லை.

அடுத்து மலசலகூடங்களுக்குப் போனோம். நிஸார் முதலாவதின் வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. பிறகு இரண்டாவதின் வாசலில் நின்றார். தன் தொலைபேசியை எடுத்துத் திசை பார்த்தார். நான் கதவின் கொளுக்கி சரியில்லையாக்கும் என்று நினைத்து அதை ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவகரனும் மேசனும் பின்னால் நின்றார்கள்.

"பிளானில இப்பிடி இல்லையே, அன்ரி" என்றார்.

இல்லைத்தான். தாங்கள் புத்தளத்திலிருந்து அனுப்பிய வரைபடத்தில் இரண்டு மலசலகூடங்களும் தனித்தனியே, தெற்கு நோக்கி அமைந்திருந்தன. அவற்றை மாற்றியவள் நான். இரண்டையும் ஒரு நடுச்சுவருக்கு இரு புறமும் முதுகோடு முதுகாக வைத்தால் ஒரே குழாய் போதும், வளைவு இராது, அடைப்பு வராது, குழியும் கிணற்றிலிருந்து இன்னும் தூரமாகும் என்று கணக்கிட்டேன். பத்திரிகை ஒன்றில் வந்த படத்தை வெட்டியெடுத்துச் சிவகரனிடம் காட்டினேன். தங்களிடம் கேட்கவில்லை. மலசலகூடத்தைப் பற்றி ஒருவரிடம் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். கட்டி முடிந்தபின் சொல்லி வியப்படையச் செய்யலாம் என்றும் ஒரு சிறு ஆசை இருந்தது. அந்த நடுச்சுவர் வடக்குத் தெற்காக ஓடுகிறது.

நிஸார் மிகவும் தணிந்த குரலில் சொன்னார்: "அன்ரி, நாங்கள் கக்கூசில கிப்லாவுக்கு, அதான் தொழுற திசைக்கு, முகம் குடுத்தும் இருக்கிறதில்ல, முதுகு குடுத்தும் இருக்கிறதில்ல. இதில ஒண்டு முகம் பாக்குது. மற்றது முதுகு காட்டுது."

ஜெமீலா, இரண்டில் ஒன்றாவது தப்பியிருக்கக் கூடாதா?

மேசன் சிரித்துவிட்டார். "கக்கூசுக்கும் திசை பாக்கிறாங்களோ?" என்றார். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கணத்தில் எனக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. நிஸாரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கோபப்படவில்லை. இப்படியொரு சிரிப்பைப் பலமுறை கேட்டுப் பழகியவரைப் போல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். தாங்கள் எந்தத் திசையில் தொழுவீர்கள் என்பதை ஐம்பது ஆண்டுகளாக அறிந்திருந்தேன். அந்தத் திசை தங்களுக்கு நாள் முழுவதும், எல்லா இடத்திலும் இருக்கிறது என்பதை அறிந்திருக்கவில்லை. தங்கள் வீட்டில் எத்தனை நாள் உண்டிருக்கிறேன், உறங்கியிருக்கிறேன். ஒரு நாளும் கேட்கவில்லையே.

சிவகரன் தன் பக்கத்தைச் சொன்னார். "நான் பிளான்படி வைக்கத்தான் நிண்டனான். அக்காதானே பேப்பரை விரிச்சு எனக்குப் படிப்பிச்சவா" என்றார். திருப்பி வைப்பதாயின் தரையை உடைத்துக் குழாயைப் புதிதாக ஓட்ட வேண்டும், ஏழு நாள், ஒரு கிழமை வேலை என்றார். அவருடைய ஆட்கள் வவுனியாவில் வேறு வேலைக்குப் போகவிருந்தார்கள். போனால் சித்திரைக்குப் பின்னர்தான் வருவார்களாம். தாங்களோ தலைப்பிறைக்கு முன் வந்து, இவ்வருட நோன்பைச் சொந்தக் காணியில் பிடிக்க வேண்டும் என்று இரண்டு ஆண்டுகளாக எழுதி வருகிறீர்கள். நோன்புக்கு இன்னும் நான்கு கிழமைகளே உள்ளன.

நிஸார் என்னைச் சற்று அப்பால் அழைத்துச் சென்றார். அவர் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்: "அன்ரி, ஒப்பம் வையுங்கோ. உம்மாக்கு இதைச் சொல்ல வேணாம். வந்து பாத்தாவெண்டாலும் ஒண்டும் கதைக்கமாட்டா. கொஞ்சம் சரிஞ்சு இருந்து சமாளிப்பா. இப்ப பிந்தினா தங்கச்சி சப்னாவுக்கு அதே ஒரு சாட்டாக் காணும். அங்க என்ன இருக்கெண்டு போறீங்கள், அவங்களுக்கு எங்களைத் தெரியுமோ எண்டு தினமும் உம்மாவோட சண்டை."

பேனையையும் அவரே என் கையில் தந்தார்.

தங்கள் முழங்காலைப் பற்றிச் சென்ற மார்கழியில் எழுதியிருந்தீர்கள். படியேறினால் வலது காலை இழுத்து வைக்க வேண்டியிருக்கிறது என்று. அந்த முழங்காலுடன், தங்கள் சொந்த வீட்டில், விடிந்ததும் இருட்டியதும் உடம்பை முறுக்கிச் சரிந்து உட்கார்ந்து, வெளியே வந்து என்னைக் கண்டதும் "வீடு நல்லாயிருக்கு, விமலா" என்று தாங்கள் சொல்வதை என் கண்ணால் கண்டது போலக் கண்டேன். சொல்வீர்கள். தாங்கள் அப்படிப்பட்டவர்.

அதன் பிறகு நடந்ததை எழுதவே நான்கு நாட்கள் ஆயின. பேனையை நிஸாரிடம் திருப்பிக் கொடுத்தேன். மேசனின் சுத்தியல் வாசற்படியில் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு உள்ளே போய் முதலாவது கொமட்டை அடித்தேன். முதல் அடியில் ஒரு கீறலே விழுந்தது. மூன்றாவது அடியில் பாதியாகப் பிளந்தது. பின்னர் மற்றதற்குப் போனேன். சிவகரன் "அக்கா! அக்கா! உங்களுக்கென்ன விசரோ?" என்று கத்திக்கொண்டு ஓடி வருவதற்குள் அதுவும் முடிந்துவிட்டது. என் சேலையெல்லாம் வெள்ளைத் துண்டுகள். வாழ்நாளில் ஒரு தேநீர்க் கோப்பையைக் கூடக் கோபத்தில் உடைத்தறியாதவள் நான். என் கணவர் கதிர்காமநாதன் நெல் வெட்டுக்கு வயலில் நின்றபடியால் இதைக் காணவில்லை. கேள்விப்பட்டு வந்தவர், இரவுச் சாப்பாடு முடியும்வரை என்னைப் புதியதொரு பிராணியைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உடைத்துவிட்டு வெளியே வந்தேன். நிஸார்தான் முதலில் கதைத்தார். "நீங்கள் சரியான அமைதியான ஆளெண்டு உம்மா சொல்லி விட்டவ" என்றார். அப்போது சிரித்தவர் அவர். அந்த மேசன் சிரிக்கவில்லை. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, "தம்பி, அப்ப எந்தப் பக்கம் திருப்பிறதெண்டு சொல்லுங்கோ" என்று கேட்டார்.

சிவகரன் பெப்ரவரி ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை வரை ஆட்களை இங்கேயே நிறுத்தி வைக்க ஒப்புக்கொண்டார். உடைத்தவற்றுக்கு மாற்று வாங்குவது என் பொறுப்பு. அதைப் பற்றித் தாங்கள் ஒரு சொல்லும் எழுத வேண்டாம்.

இனி நான் எழுதப்போவது வீட்டைப் பற்றியதன்று. ஆனால் இதை எழுதாமல் அந்த வீட்டின் திறப்பை என் கையால் தங்களிடம் தர இயலாது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் இயக்கத்தின் கட்டளையால் முஸ்லிம்களாகிய தாங்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேறிய அன்று நான் உடையார்கட்டில் சித்தி வீட்டில் நின்றதாக முதற் கடிதத்தில் எழுதியிருந்தேன். தாங்களும் அதை நம்பி, "நீர் நின்றிருந்தால் ஓடி வந்திருப்பீர்" என்று பதில் எழுதினீர்கள். நான் சித்தி வீட்டில் நிற்கவில்லை. எங்கள் குசினிக்குள் நின்றேன். என் ஐயா வாசற் படலையைச் சாத்தியிருந்தார். தாங்கள் வீதியில் நின்று என் பெயரை இரண்டு தரம் கூப்பிட்டீர்கள். இரண்டும் எனக்குக் கேட்டன. அடுப்பில் வைத்த பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நிஸார் "உம்மாக்கு இதைச் சொல்ல வேணாம்" என்ற போது, இத்தனை ஆண்டுகளாக நானும் அதையேதான் செய்து வருகிறேன் என்பது எனக்கு விளங்கியது.

இதற்கு மன்னிப்புக் கேட்கும் சொல்லைப் பல நாட்கள் தேடினேன். எத்தனையோ சொற்கள் தெரியும் என்று எண்ணியிருந்தேன்; இதற்கு உகந்ததாக ஒன்றும் அகப்படவில்லை.

சப்னாவிடம் இக்கடிதத்தை மறைக்க வேண்டாம். அவர் கேட்பது நியாயமான கேள்வி. அவருடைய உம்மாவை அறிந்தவள் என்று இந்த ஊரில் ஒருத்தி இருந்தாள். அவளுக்கும் பாதிதான் தெரிந்திருந்தது என்று சொல்லுங்கள். மீதியைக் கற்றுக்கொள்ள ஐம்பத்தெட்டு வயது பிந்திவிட்டதா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

மலசலகூடங்களை வரைபடத்தில் உள்ளபடியே தெற்கு நோக்கி அமைத்துவிடலாம் என்று நிஸார் சொல்கிறார். ஆனாலும் தங்கள் எழுத்தில் உத்தரவு வரும்வரை ஒரு கல்லையும் வைக்க விடமாட்டேன். படுக்கையறையில் கட்டிலின் தலைமாடு எந்தப் பக்கம்? கால் கழுவும் குழாய் எங்கே? குசினியில் நான் அறியாமல் ஏதேனும் பிழை இருக்கிறதா? வாசலில்? கிணற்றடியில்? நான் கேட்க வேண்டும் என்றே எனக்குத் தெரியாதவற்றையும் சேர்த்து எழுதுங்கள். சிறியது என்று எதையும் விட வேண்டாம். வெட்கத்தால் எதையும் விட வேண்டாம்.

தொலைபேசியில் மட்டும் அழைக்க வேண்டாம். அழைத்தால் "பரவாயில்லை, விமலா" என்று சொல்லிவிடுவீர்கள். எழுத உட்கார்ந்தால் தங்களுக்கு அவ்வாறு எழுத வராது. வர விருப்பமில்லையாயின் அதையும் அப்படியே எழுதுங்கள். வீடு தங்களுடையது, என் பொய்யும் பிழையும் அதை மாற்றாது.

தங்கள் முழங்காலுக்கு வேப்பெண்ணெயும் வயலிலிருந்து வந்த புது நெல்லின் அரிசியும் நிஸாரிடம் கொடுத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கு என் அன்பு. இறைவன் தங்களை நோயின்றிக் காப்பாராக.

ஆட்கள் ஐந்தாம் திகதி வரைதான் நிற்பார்கள். தயவுசெய்து விரைவாகப் பதில் எழுதுங்கள்.

இங்ஙனம்,
தங்கள்
க. விமலேஸ்வரி