எடுக்காத பொட்டலம்

முதுகுளத்தூர் தாலுகா
மன்மத வருஷம் ஆவணி 22

அன்பு மகள் சண்முகவள்ளிக்கு அய்யா ஆசீர்வதித்து எழுதுவது. காளியம்மன் புண்ணியத்தில் நானும் உன் அம்மாவும் சுகம், பினாங்கில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் அப்படியே இருக்க வேண்டும். செவலை ஆடு இரட்டைக் குட்டி போட்டிருக்கிறது. என் தாடி ஒரு விரற்கடை வளர்ந்துவிட்டது, ஊரார் சொல்லிச் சவரத்துக்கு ஆள் வருவதில்லை. பயப்படாதே, விவரம் எழுதுகிறேன்.

கீழத்தெருவார் முளைப்பாரியைக் கோயிலுக்குள் கொண்டுவரலாமா என்று பூக்கட்டிக் கேட்பது உனக்குத் தெரியும். சன்னதியில் வைத்த இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுத்துப் பிரித்து, வெள்ளைப் பூ வந்தால் அம்மன் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. கோயில் நுழைவுச் சட்டம் வந்த வருஷம் முதல் எட்டு வருஷமாகச் சிவப்புத்தான், அம்மன் உத்தரவு என்று அவர்களும் பயந்து வாசலோடு திரும்புவார்கள். இந்த வருஷமும் சிவப்பு. கீழத்தெரு முனியசாமி கும்பிட்டுத் திரும்பும்போது உன் அம்மா பெண்கள் பக்கமிருந்து முன்னால் வந்து, எடுக்காத பொட்டலத்தையும் பிரியுங்கள் என்றாள். அதைப் பிரிக்கிற வழக்கமே கிடையாதே. ஊர்த்தலைவர் சின்னக்கருப்பன் மச்சான், ஆத்தாளையே சோதிக்கிறாயா என்று எகிறினார். அவள் அசரவில்லை. "ஆத்தாள நான் சோதிக்கலண்ணே, பூவக் கட்டுன கையத்தான் சோதிக்கிறேன்" என்றாள்.

கட்டின கை என்னுடையது, மகளே. பெரியவர்கள் சொன்னபடி எட்டு வருஷமும் இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியே வைத்துக் கட்டினேன். ஊருக்கு அடங்கி நடப்பதும் பக்திதான் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்றைக்கு எழுந்து போய் நானே பிரித்துக் காட்டி, கட்டியவன் நான் என்று சொன்னேன். முனியசாமி என் முகத்தைப் பார்க்கவில்லை, அது இன்னும் உறுத்துகிறது. மறுநாள் கீழத்தெருப் பெண்கள் முளைப்பாரியோடு உள்ளே வந்தார்கள், அம்மன் பேரைச் சொல்லித் தடுக்க இனி வழியில்லை. நமக்கு ஒரு வருஷம் ஊர்விலக்கு. என் வேலை என்று தெரிந்தா கேட்டாய் என்று உன் அம்மாவைக் கேட்டேன். "தெரியாமயா, உங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்" என்கிறாள். ஊர் விலக்கினாலும் தினமும் கோயிலுக்குப் போய் விளக்குப் போட்டுவிட்டுத்தான் வருகிறாள், ஆத்தாளோடு அவளுக்குச் சண்டை இல்லையாம். நானும் இப்போதுதான் அம்மனை நிமிர்ந்து பார்த்துக் கும்பிடுகிறேன். தாடியோடு சந்தோஷமாகவே இருக்கிறேன்.

பேத்திக்குச் சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கத் தவறாதே. உன் கல்யாணத்துக்கு முந்தின வருஷம், அந்த இன்னொரு பொட்டலத்தில் என்ன பூ அய்யா என்று நீயும் என்னிடம் கேட்டாய். பொம்பளைப் பிள்ளைக்கு என்ன கேள்வி என்று கையை ஓங்கினேன். நீ கேட்டது சரி. பதில் சொல்ல எனக்கு ஆறு வருஷம் பிடித்தது, மன்னித்துக்கொள் அம்மா.

குறைவில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு
உன் அய்யா
பூமிநாதன்