வற்றின ஏரியும் பதினெட்டாம் தேதியும்

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலமா இருக்கேன், வெயில்ல மூக்கு உரிஞ்சதைத் தவிர. இங்கே போன் எடுக்காது. வாரம் ஒரு தடவை வர்ற தண்ணி லாரியில கடிதம் கொடுத்தனுப்புறோம்.

சுத்தியும் பொட்டல்தான். ஆனா பல லட்சம் வருஷத்துக்கு முன்னாடி இது ஏரிக்கா. நாணல் பதிஞ்ச களிமண், நத்தை ஓடு, மீன் செதில் எல்லாம் கிடைக்குது. ஏரி வத்தினப்போ, காண்டாமிருகத்துக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு கூட்டம் இங்கேயே செத்திருக்கு. இதுவரைக்கும் அறுபத்துமூணு தோண்டி எடுத்தாச்சு. குட்டிங்க அடியில, பெருசுங்க மேல. பாதி எலும்பு மிதிபட்டு நொறுங்கியிருக்கு. செத்ததை மிதிச்சுகிட்டுத்தான் மிச்சம் இருந்தது தண்ணிக்குப் போயிருக்கும்.

ஒரு கால் எலும்பு கோணலா இருக்கு. படம் வச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில தினம் எக்ஸ்ரேயில எலும்பைத்தானே பார்க்குறே, பார்த்துச் சொல்லு.

உன் தம்பி

ஏப்ரல் 15

சின்னவனே,

தேங்காய் எண்ணெய் தடவு, மூக்கு சரியாகும்.

எலும்பு முறிஞ்சு கூடினது. ஒரு வருஷமாவது அது நொண்டிகிட்டே நடந்திருக்கும். மனுஷக் காலா இருந்தா டாக்டரைத் திட்டியிருப்பேன்.

என் படமும் ஒண்ணு எடுத்தாங்க. மத்தவங்க படத்தைப் பார்க்குற மாதிரியே நானும் பார்த்தேன். இடது மார்புல கட்டி. மே பதினெட்டாம் தேதி ஆபரேஷன். கூட இருக்குறவங்கன்னு யாராவது கையெழுத்துப் போடணுமாம். ரெண்டு நாள் வந்துட்டுப் போனா போதும்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

ஏப்ரல் 27

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். உனக்கு ஒண்ணும் ஆகாது. சீக்கிரம் கண்டுபிடிச்சாச்சுல்ல.

ஆனா பதினெட்டுதான் இடிக்குது. மே கடைசியில மழை வந்தா குழி முழுக்கச் சேறாயிடும். அதுக்குள்ள எல்லாத்தையும் மேல எடுக்கணும். ஒரு மாசம் தள்ளிப்போட முடியுமான்னு டாக்டரைக் கேட்டுப் பாரேன்.

நீ சொன்னது சரிதான்னு பெரியவரும் சொன்னார், எங்க தலைவர். அந்த நொண்டிக்கால் கூட்டத்து நடுவுலதான் கிடந்துச்சு. இதுங்க தாகத்துல சாகலைக்கா, பசியில செத்ததுங்க. பக்கத்துல இருந்த புல் தீர்ந்துபோச்சு. தூரமாப் போனா தண்ணி இல்லை. தண்ணியை விட்டுப் போகவும் பயம்.

உன் தம்பி

மே 6

சின்னவனே,

தள்ளிப்போடக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மழை உன்னைக் கேட்டுட்டா வரும்? நீ வேலையைப் பாரு.

பெட்டியில ஒரு போர்வையும் ஒரு சொம்பும் எடுத்து வச்சாச்சு. ரெண்டு பேருக்குன்னு எடுத்து வச்சு, அப்புறம் ஒண்ணை வெளியே எடுத்துட்டேன்.

அக்கா

மே 24

அன்புள்ள அக்கா,

பதினெட்டு எப்படிப் போச்சு? ஒரு வரி போடு.

மழைக்குப் பயந்து மத்தவங்க எல்லாம் கிளம்பிட்டாங்க. இப்போ கூடாரத்துல நான் மட்டும்தான். பேச ஆள் இல்லாம, எலும்புகிட்டயே 'கொஞ்சம் நகரு'ன்னு சொல்லிகிட்டிருக்கேன். எண்பத்தொண்ணு ஆச்சு. பதினெட்டு அன்னைக்கு முழுக்கக் குழியிலதான் இருந்தேன். ஆனா ஒரு எலும்புகூட எடுக்கலை.

மழை இன்னும் வரலை. மிச்சத்தை எடுத்து முடிச்சுட்டு ஜூன் கடைசியில கண்டிப்பா வர்றேன்.

உன் தம்பி

ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

கட்டியை எடுத்தாச்சு. வீட்டுக்கு வந்து எட்டு நாள் ஆகுது. இடது கையைத் தூக்க முடியலை. எழுதுறது வலது கைதானே, அதனால பாதகமில்லை.

கையெழுத்து, எங்க ஆஸ்பத்திரி தள்ளுவண்டிக்காரர் போட்டார். பன்னெண்டு வருஷமா அவர் தள்ளிகிட்டு வர்றவங்களுக்குத்தான் நான் எக்ஸ்ரே எடுக்குறேன். அன்னைக்கு என்னைத் தள்ளிகிட்டுப் போனார். படிவத்துல உறவுமுறைன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. "இதுல என்னம்மா எழுதட்டும்?"னு கேட்டார்.

"தம்பின்னு எழுதுங்க"ன்னேன். எழுதிட்டார்.

ஜூன்ல வர்றேன்னு எழுதியிருக்கே. வந்தா உனக்கு நான்தான் சமைச்சுப் போடணும். இப்போ முடியாதுப்பா. உன் வேலை முடியட்டும். கை சரியானதும் வரச்சொல்லி நானே எழுதுறேன். அதுவரைக்கும் வரவேண்டாம்.

அக்கா