பவித்ரா மாட்டும் அட்டைகள்

நவ. 3, திங்கள்

மூடுபனி. எதிரே இருக்கும் தேயிலை ஃபேக்டரிகூடத் தெரியவில்லை. தெரிந்து என்ன? பூட்டி இரண்டு மாதம்.

வாங்க வேண்டியவை: துணி கிளிப் 1 டஜன், சாக்பீஸ், மண்ணெண்ணெய், எனக்கு இருமல் மருந்து.

தீபாவளி முடிந்து பால்வாடி திறந்தேன். பதிவேட்டில் பதினாறு பிள்ளைகள். வந்தது பன்னிரண்டு. ஸ்டெல்லா, கார்த்தி, இன்னும் இரண்டு பேர் குடும்பத்தோடு திருப்பூருக்கு, பனியன் கம்பெனி வேலைக்கு. யாரும் சொல்லிக்கொள்ளவில்லை. எஸ்டேட் லைன் வீட்டுக் கதவில் பூட்டு, அவ்வளவுதான்.

பன்னிரண்டுக்குக் கீழே போனால் இந்தப் பால்வாடியை மூடி, மூன்று கி.மீ. இறக்கத்தில் இருக்கும் சென்டரோடு சேர்த்துவிடுவார்கள். வழியெல்லாம் தேயிலைக்காடு, காட்டெருமை. நாலு வயதுப் பிள்ளையை யார் தினமும் கூட்டிப் போவது? அம்மாக்கள் பக்கத்து எஸ்டேட்டுக்குக் கொழுந்து பறிக்கப் போனால் பிள்ளை பூட்டிய வீட்டுக்குள்தான்.

நவ. 4, செவ்வாய்

தேயிலைக் கொட்டைகளைத் தரையில் அடுக்கி 'ட' போட்டோம். பிறகு 'ப'. ராகுல் ஒரு கொட்டையை வாயில் போட்டுவிட்டான். ஆயா சரோஜாக்கா முதுகில் ஒன்று வைத்துத் துப்பவைத்தார்.

பேர் அட்டை விளையாட்டில் பவித்ரா இன்றும் அப்படியே. வந்ததும் கூடையில் தன் பேர் எழுதிய அட்டையைத் தேடி எடுத்து, கயிற்றில் கிளிப் போட்டு மாட்ட வேண்டும். டீத்தூள் பெட்டியில் வெட்டிய அட்டை. படம் இல்லை, எழுத்து மட்டும். ஜூனிலிருந்து ஆடுகிறோம், எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். இவள் மட்டும் கைக்கு வந்ததையெல்லாம் எடுத்து மாட்டுகிறாள். இன்று முதலில் 'கார்த்தி'.

"அது உன் பேரில்ல கண்ணு."

"தெரியுமுங் டீச்சர்" என்கிறாள், பெரிய மனுஷி மாதிரி. வாய்க்குக் குறைச்சல் இல்லை.

சாயங்காலம் அவள் அம்மா ஈஸ்வரி, முதுகில் கூடையோடு வாசலில் நின்று: "ஏனுங் டீச்சர், ஆறு மாசமா வெளையாட்டுத்தானுங்களா? சிலேட்டுல அ, ஆ எழுதி உட்டீங்கன்னா ஊட்லயாச்சும் காட்டுவா. தம் பேரக்கூட கண்டுபுடிக்கறதில்லைன்னு சொல்றீங்க."

விளையாட்டிலேயே எழுத்து வந்துவிடும் என்று பயிற்சியில் சொன்னதை நம்பி ஆறு மாதம் ஓட்டிவிட்டேனோ? அவள் பிள்ளையை நான் ஏமாற்றுகிறேனோ?

நவ. 7, வெள்ளி

விடாத மழை. ஓடு ஒழுகுகிறது, பாத்திரம் வைத்தாயிற்று.

ஒன்பது பேர்.

பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு ஊரைவிட்டுப் போன ஏழு பேர் நேரே எழுதினேன்: காய்ச்சல், லீவு. சரோஜாக்கா பார்த்தார். உலையில் அரிசியைக் குறைத்துப் போட்டார்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்காம். நான் கெட்டிக்காரிகூட இல்லை.

நவ. 9, ஞாயிறு

துணி துவைத்தேன், காயவில்லை.

ராகுல் வீட்டிலும் மூட்டை கட்டுவதாகக் கேள்வி. ஓடினேன். ராகுலின் அப்பாவிடம் கெஞ்சினேன், கையெடுத்துக் கும்பிடாத குறை. ஒரு மாதம் பொறுங்கள், ஃபேக்டரி திறந்தாலும் திறக்கும் என்று.

அவர் பாயைச் சுருட்டியபடியே, "நாங்க இங்கிருந்தா உங்களுக்கு வேலை இருக்குமுங் டீச்சர். எங்களுக்கு?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. வழி நெடுக அழுதுகொண்டே வந்தேன்.

நவ. 10, திங்கள்

ஏழு பேர். ராகுலும் இல்லை, இன்னொரு பிள்ளையும் இல்லை. இருமல் அதிகம். மருந்து வாங்க மறந்தேன்.

நவ. 11, செவ்வாய்

சூப்பர்வைசர் மேடம் வந்துவிட்டார். முன்தகவல் இல்லை. நனைந்த குடையோடு உள்ளே.

"ஏழுதான் இருக்கு?"

"மழைங்க மேடம். காய்ச்சல்." பதிவேட்டை நீட்டினேன். நம்பினார். பேனாவைத் திறந்தார்.

கையெழுத்துப் போடும் முன், சும்மா, பக்கத்தில் நின்ற பவித்ராவிடம் கயிற்றில் தொங்கிய அட்டைகளைக் காட்டி, "இதுல உன் பேர் எது பாப்பா?"

போச்சு, மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். அவள் நேரே கூடைக்குப் போய் அதில் கிடந்த ஒரே அட்டையை எடுத்துக் கொடுத்தாள். 'பவித்ரா'.

"ஏன் மாட்டலை?" என்றார் மேடம்.

"நாந்தான் வந்துட்டனுங்களே. வராதவங்களுக்குத்தானுங் மாட்டோணும். கூடைக்குள்ள தனியாக் கெடப்பாங்கல்ல."

ஜூனிலிருந்து! யார் வரவில்லையோ அவர்கள் அட்டையை! நான் ஒரு மண்ணையும் கவனிக்கவில்லை.

பிறகு யாரும் கேட்காமலே கயிற்றடியில் நின்று விரல் நீட்டினாள். "இது ஸ்டெல்லாங். திருப்பூரு போய்ட்டா. இது கார்த்திங், அவனும் திருப்பூரு. இது ராகுலுங், பாயெல்லாம் சுருட்டிட்டுப் போய்ட்டாங்க, இனி வரமாட்டான்." ஒன்பது பேர். ஒன்றுகூடத் தப்பில்லை.

மேடம் அட்டைகளைக் கழற்றி, கலைத்து நீட்டினார். மறுபடியும் சொன்னாள்.

சத்தியமாக எழுதுகிறேன், முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். என் பிள்ளை படிக்கிறாள். அப்புறம்தான் பதிவேடு நினைவுக்கு வந்தது.

மேடம் பேனாவை மூடினார். "நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க. இப்ப நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க."



நவ. 13, வியாழன்

ஆர்டர். நாளையோடு மூடல். திங்கள் முதல் நான் கீழ் சென்டரில். பொய் எழுதியதற்கு விளக்கம் எழுதித் தர வேண்டும்.

ஈஸ்வரியிடம் பவித்ரா படித்ததைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. "அப்ப திங்கக்கெழமைல இருந்து எங்கீங் டீச்சர் உடறது?" என்றாள். கீழ் சென்டருக்குக் கூட்டி வா என்று எப்படிச் சொல்வேன்? அவள் ஏழரைக்கெல்லாம் தேயிலைக்காட்டில் நிற்க வேண்டும்.

நவ. 14, வெள்ளி

வெயில். ஒரு வாரமாக இல்லாத வெயில் இன்றைக்கு.

குழந்தைகள் தினம். தலைக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய். கணக்கெடுத்து ஒப்படைத்தவை: பாய் 4, தட்டு 20, அண்டா 1, தராசு 1. பேர் அட்டைகள் கணக்கில் இல்லை.

பிள்ளைகளிடம் சொன்னேன், திங்கட்கிழமை முதல் டீச்சர் வரமாட்டேன் என்று. பால்வாடியே இருக்காது என்பதைச் சொல்லவில்லை. பூட்டு என் பையில் இருந்தது.

எல்லாரும் போன பிறகும் பவித்ரா நின்றாள். ஒரு வெற்று அட்டை, கையில்.

"இதுல உங்க பேரு எழுதித் தாங்க டீச்சர். திங்கக்கெழம நான் வந்து மாட்டி வெக்கறேன்."

எழுதிக் கொடுத்தேன்.