மலையனூர் ஸ்பெஷல்

ஏப்ரல் 12

மலைப்பாறைகள் பகலில் வாங்கிய வெயிலை இரவில் திருப்பிக் கொடுக்கின்றன. மாடி அறையில் வளர்மதியின் கம்ப்யூட்டர் அதற்கு மேல் கொதிக்கிறது. மேசையில் பூட்டிய ஸ்டியரிங்கைத் திருப்பி பஸ் ஓட்டும் விளையாட்டு. அவள் ஓட்டுவதை நேரலையில் ஐந்நூறு பேர் பார்க்கிறார்கள். அவள் அப்பா திருவண்ணாமலை ரூட்டில் டிரைவர். மகளை ஸ்டியரிங்கைத் தொடவிட்டதில்லை. இப்போது, இந்த வயதில், என் மனைவி ஓட்டுகிறாள். கொஞ்ச நேரத்திலேயே பிராசசர் சூடேறி பஸ் திக்கித் திக்கி நகர்கிறது.

"ஏங்க, நீங்கதான இத ஒண்ணொண்ணா சேத்துப் பூட்டுனீங்க? இன்னான்னு பாருங்களேன். அமாவாசைக்கு மலையனூர் கோயில் ஸ்பெஷல் ஓட்டறேன்னு சொல்லிட்டேன்."

பார்க்கிறேன் என்றேன்.

ஏப்ரல் 15

ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில் பெரிதாக ஒரு 8. நானே அழித்தேன். போன மாதம் நேரலையில் வளர்மதி சொன்னது: "எங்க வீட்டுக்காரரு லைசென்சுக்கு எட்டு போடச் சொன்னா மூணு போட்டுட்டு வந்தாரு." அன்றிலிருந்து நான் எட்டு சார். எம்.எஸ்சி. இயற்பியல், பல்கலைக்கழகத்தில் இரண்டாமிடம் — எட்டு சார்!

ஏப்ரல் 19

அவள் ரேஷன் கடைக்குப் போனதும் பெட்டியைத் திறந்தேன். பிராசசர் மேல் உட்காரும் கூலரைக் கழற்றினால், அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள். பொருத்துமுன் உரிக்க வேண்டியது; இருந்தால் சூடு கூலருக்கு ஏறாது. தை மாதம் பொருத்தியவன் நான். வெப்பக்கடத்தல் பாடம் நடத்துகிறவன்.

நகத்தை வைத்தும்விட்டேன்.

ஏன் உரிக்க வேண்டும்?

தூசி தட்டி, பிராசசருக்குச் சூடு கடத்தும் புதுப் பேஸ்ட் தடவி, தாளோடு மூடினேன். "புதுப் பேஸ்டும் தடவிட்டேன், இதுக்கு இவ்ளோதான் தெம்பு" என்றேன். சாயந்திரம் எனக்காக வடை சுட்டாள்.

ஏப்ரல் 27

அமாவாசை. அவள் பஸ் முன்னால். பின்னால் வேறு ஊர்க்காரர்கள் ஓட்டும் பஸ்கள் வரிசையாக. வளத்தி ஊர் வருமுன்பே படம் உறைந்தது. பின்னால் வந்தவை ஒன்றன்மேல் ஒன்று முட்டின. "அக்கா, எறங்கித் தள்ளட்டா?" என்று எழுதினார்கள். ஆட்கள் கலைந்தார்கள்.

"எங்க நைனா சொன்னதுதான் சரி. எனக்கு வராது" என்றாள்.

"எல்லாருக்கும் எல்லாம் வருமா?" என்றேன்.

நன்றாகத் தூங்கினேன்.

மே 9

ஸ்டியரிங்குக்குப் பழைய தலையணை உறையைப் போட்டு மூடிவிட்டாள். வீடு அமைதி.

மே 18

கம்ப்யூட்டரை விற்றுத் தரும்படி ஜகபர் அலியின் கம்ப்யூட்டர் கடையில் சொல்லியிருக்கிறாள். அவர் மகள் ஜோயா பார்க்க வந்து, திறந்து காட்டிவிட்டுப் போயிருக்கிறாள். நான் வந்தபோது மேசைமேல் அந்தத் தாள். அதில் ஒட்டிய பேஸ்ட் இன்னும் காயவில்லை.

"தை மாசம் மறந்துட்டீங்க, சரி. போன மாசம் புதுப் பேஸ்ட் தடவுனீங்களே, அப்பவுமா கண்ணு தெரியல?"

மறந்துவிட்டேன் என்றே சொல்லியிருக்கலாம். "நீதான ஊரையே சிரிக்க வெச்ச?" என்று கத்தினேன்.

"அதுக்கா?" என்றாள். அவ்வளவுதான்.

மே 26

அமாவாசை. பஸ் எங்கேயும் திக்கவில்லை. என் டீ பிளாஸ்கில் இருக்கிறது, அன்றிலிருந்து அவள் கையால் தருவதில்லை.

"அக்கா, எட்டு சார் எங்க?" என்று ஒருவன் எழுதியிருந்தான். வழக்கம்போல் உரக்கப் படித்தாள்.

"யாரு?" என்றாள். வளத்தித் திருப்பத்தில் கியரை மாற்றினாள்.

அவள் நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன்.