பாதி வட்டம் கடலில்

அத்தான்,

நாம் பேசி ஐந்து நாளும் நான்கு மணி நேரமும் ஆகிறது.

சோறு ஹாட்பாக்ஸில் இருக்கிறது. சாளை மீன் குழம்பைச் சுட வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குத் திரும்பும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அனுசியா அக்காவிடம் கொடுங்கள்.

நம் ரிப்பேர் கடை விளம்பரத்தைச் சரி செய்துவிட்டேன். கடையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்குக் காட்டும்படி பேஸ்புக்கில் போட்டிருந்தேன். அந்த வட்டத்தில் பாதி கடலில் விழுந்தது என் தவறுதான். அதற்காக, “மீனு மிக்ஸியத் தூக்கிட்டு வருமாக்கும்?” என்று கடையில் அத்தனை பேர் முன்னால் கேட்டிருக்க வேண்டாம். நானும், “அப்பம் கடையப் பூட்டிட்டு மீன் பிடிக்கப் போங்க” என்று சொல்லியிருக்க வேண்டாம். வட்டத்தை இப்போது கடலை விட்டு மில்லர்புரம் பக்கம் நகர்த்தியிருக்கிறேன்.

நான் வேலை பார்க்கும் ஸ்கூலின் தமிழ் டீச்சர் நான்கு மணிக்குக் கிரைண்டரோடு வருவார். அவரும் விளம்பரம் பார்த்துத்தான் வருகிறார். கடையில் இருங்கள்.

குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது.

இன்னொன்று. நேற்று விளம்பரம் பார்த்து நான்கு பேர் கூப்பிட்டதாக அனுசியா அக்காவிடம் சந்தோஷமாகச் சொன்னீர்களாம். கூப்பிட்டது மூன்று பேர்தான். ஸ்கூல் போனிலிருந்து கூப்பிட்டு, நீங்கள் “சொல்லுங்க, என்ன ரிப்பேரு?” என்று கேட்டதும் ஒன்றும் பேசாமல் வைத்தது நான்.